விறகு பாய்லர் மக்கர் செய்தால்: செட்டிநாட்டு விடுதி, மண்டபம், ஆஸ்பத்திரிச் சமையற்கட்டுகளுக்கு

குளிர் நாடுகளில் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் கதகதப்பாக வைக்க எண்ணெய் பாய்லர் ஓடும். அதைக் கழற்றிவிட்டு மரத்துண்டில் எரியும் பாய்லர் வைக்கிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. பங்குனி வெயிலில் காரைக்குடியில் யாரும் அறையைச் சூடாக்கக் கேட்பதில்லை. ஆனால் நானூறு பிள்ளைகள் சாப்பிடும் விடுதிக்கும், முகூர்த்த நாளில் மூன்று பந்தி போடும் மண்டபத்துக்கும், துணி வெளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நீராவி வேண்டும். இருபது வருஷமாக டீசலில் ஓடிய பாய்லர்களை எடுத்துவிட்டு, சீமைக்கருவேல விறகிலும் கடலைத்தோலை அழுத்திச் செய்த கட்டியிலும் எரியும் பாய்லர்களைப் பல இடங்களில் வைத்துவிட்டார்கள். வைத்த மூன்றாம் மாதம் எனக்குப் போன் வரும்.

போனில் சொல்கிற வார்த்தையையே தலைப்பாக வைத்து எழுதுகிறேன். கணக்குகள் எல்லாம் மணிக்கு 300 கிலோ நீராவி தரும் சின்ன பாய்லரை மனதில் வைத்துச் சொன்னவை. டீசலில் இது முழுச் சுமையில் மணிக்கு 25 லிட்டர் குடிக்கும். அதே வேலைக்குக் காய்ந்த கட்டி ஏறக்குறைய 70 கிலோ வேண்டும். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று கிலோ என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். "லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ போதும்" என்று யாராவது விற்றிருந்தால் பாய்லரில் கோளாறு தேடாதீர்கள். கோளாறு அந்தப் பேச்சில்தான்.

"கிளாஸ்ல தண்ணி தெரியலண்ணே"

வரிசைப்படி இது கடைசியில் வரவேண்டியது. ஆனால் மற்றதெல்லாம் சாப்பாட்டுப் பிரச்சினை, இது உயிர்ப் பிரச்சினை. அதனால் முதலில்.

தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கண்ணுக்குப் படவில்லை என்றால், உள்ளே தண்ணீர் இல்லை என்றே முடிவுகட்டுங்கள். பம்பைப் போடாதீர்கள். பழுக்கக் காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று தோசைக்கல்லைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். இங்கே அந்தக் கல் மூடிய பாத்திரத்துக்குள் இருக்கிறது.

விறகு போடுவதை நிறுத்துங்கள். காற்று ஊதும் ஃபேனையும் புகை இழுக்கும் ஃபேனையும் நிறுத்துங்கள். சாம்பல் குழிக் கதவைச் சாத்துங்கள். புகைபோக்கித் தட்டு மட்டும் திறந்தே இருக்கட்டும். நெருப்பின் மேல் காய்ந்த மணலையோ ஈரச் சாம்பலையோ அள்ளிப் போட்டு மூடுங்கள். தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது. சேஃப்டி வால்வைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு ஆறவிடுங்கள். அன்று மதியத்துக்குக் கடையில் வாங்கிக் கொடுங்கள். பாய்லரை நிபுணர் பார்த்த பிறகுதான் திரும்பப் பற்றவைக்க வேண்டும்.

டீசல் பாய்லரில் தண்ணீர் குறைந்தால் பர்னர் தானே அணைந்துவிடும், சூடு அந்த நிமிஷமே நின்றுவிடும். விறகு அப்படியில்லை. மோட்டார் நின்றாலும் விறகு எரியும் இரும்புத் தட்டின் மேல் கிடக்கும் தணல் அரை மணி, முக்கால் மணி நேரம் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வாங்காதவர்களிடமிருந்துதான் எனக்குப் பாதிக்கு மேல் போன் வருகிறது.

கண்ணாடியும் சில நேரம் பொய் சொல்லும். ஒவ்வொரு ஷிப்டிலும் அதன் அடித் திருகைத் திறந்து ஊதிவிடுங்கள். மூடியதும் தண்ணீர் சட்டென்று துள்ளி ஏற வேண்டும். மெல்ல ஊர்ந்து ஏறினால் வழி உப்பில் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மட்டம் ஆடாமல் அசையாமல் சாமி படம் மாதிரி நின்றால் அதையும் நம்பாதீர்கள்.

"பிரஷர் ஏறவே மாட்டேங்குது"

மழைக்காலத்தில் வரும் போன் என்றால் முக்கால்வாசி விறகுதான் காரணம்.

ஒரு விடுதியில் ஐப்பசியில் நடந்தது. காலை ஐந்து மணிக்குப் பற்றவைத்து ஏழு ஆகியும் பிரஷர் முள் (சதுர சென்டிமீட்டருக்கு) அரைக் கிலோவைத் தாண்டவில்லை. இட்லி மாவு பொங்கி அண்டாவை விட்டு வழிகிறது. பாய்லர் போட்ட கம்பெனி மேல் எல்லோருக்கும் கோபம். அங்கே சமைக்கும் பெரியவர் கல்யாண வீடுகளில் கோட்டை அடுப்பு போட்டுப் பழகியவர். அவர் நெருப்புக் கதவின் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு, "தம்பி, விறகு அழுவுது பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். கட்டையின் வெட்டுவாயில் நுரை நுரையாகத் தண்ணீர் கொப்பளித்துச் சீறிக்கொண்டிருந்தது. வெட்டி ஒரு வாரம் ஆகாத சீமைக்கருவேலம். பச்சை மரத்தில் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீர் இருக்கும்.

கணக்கு இதுதான். நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகில் ஈரம் 15 சதவீதம். அதிலிருந்து 3,600 கிலோகலோரி வரை கிடைக்கும். ஈரம் 40 சதவீதம் என்றால் 2,400தான். எடை அதே, விலை அதே, சூட்டில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. எடைமேடையில் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது மழைத் தண்ணீர்.

ஈரம் பார்க்கத் தனிக் கருவி வேண்டும் என்பதில்லை. லோடின் நடுவிலிருந்து ஒரு கட்டையை எடுத்துப் பிளந்து, சிராய் சிராயாகச் சீவி 1,000 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். பேக்கரி அடுப்பில் 100 டிகிரிக்குச் சற்று மேல் வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை காய வையுங்கள். 720 கிராம் நின்றால் ஈரம் 28 சதவீதம். 20க்கு மேல் போனால் லோடைத் திருப்பி அனுப்பலாம் என்று வாங்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு இரண்டு கட்டைகளை மோதிப் பாருங்கள்: காய்ந்தது "டங்" என்னும், பச்சை "தொப்" என்னும்.

இன்னொன்று. மழைக்குப் பயந்து தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி வைக்கிறார்கள். உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும். மேலே கூரை போதும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும், அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கட்டை போட்டு அதன் மேல் அடுக்க வேண்டும். நம் பழைய வீடுகளின் பின்கட்டில் விறகு அடுக்கியிருந்த விதம் அதுதான். கடலைத்தோல் கட்டி என்றால் ஒரு துளி மழைகூட ஆகாது. நனைந்தால் ஊதி உதிர்ந்து பழையபடி தோலாகிவிடும்.

விறகு காய்ந்ததுதான், அப்படியும் ஏறவில்லை என்றால் புகைபோக்கித் தெர்மாமீட்டரைப் பாருங்கள். அது இல்லாத பாய்லரை வாங்கியிருந்தால் ஒன்று போடச் சொல்லுங்கள். பெரிய செலவில்லை.

புகைச் சூடு குறைவு, பிரஷரும் குறைவு: நெருப்பே சரியாக எரியவில்லை. காற்றோ விறகோ காரணம்.

புகைச் சூடு அதிகம், பிரஷர் குறைவு: நெருப்பு நன்றாக எரிகிறது, சூடு தண்ணீருக்குப் போகாமல் வானத்துக்குப் போகிறது. புதிதில் 200 டிகிரி பக்கம் இருந்தது இப்போது 290 காட்டினால், 22 டிகிரிக்கு ஒரு சதவீதம் என்ற பழைய கணக்கில் நாலு சதவீத எரிபொருள் வீண். புகை போகும் குழாய்களுக்குள் கரி படிந்திருக்கலாம், அல்லது தண்ணீர்ப் பக்கம் சுண்ணாம்பு உப்பு கட்டியிருக்கலாம். எது என்று தெரிய, குழாய்களைக் கம்பி பிரஷ் விட்டுச் சுத்தம் செய்து மறுநாள் ஓட்டிப் பாருங்கள். சூடு இறங்கிவிட்டால் கரி. இறங்காவிட்டால் உப்பு. டீசலுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேய்த்த பழக்கத்திலேயே இருக்காதீர்கள். விறகுக்கு வாரம் ஒருமுறை தேய்க்க வேண்டும்.

சம்பை ஊற்றுத் தண்ணீர் நம் ஊருக்குப் பெருமைதான். அதற்காக நல்ல தண்ணீரை அப்படியே பாய்லருக்கு விடலாம் என்றில்லை. குடிக்க ருசியாக இருக்கும் தண்ணீரிலும் சுண்ணாம்பு உண்டு, போர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும் சாஃப்ட்னர் வைத்திருப்பீர்கள். அதில் கடைசியாக உப்புக் கரைசல் விட்டுக் கழுவியது எப்போது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. சின்ன பாட்டிலில் சாஃப்ட்னர் தண்ணீரைப் பிடித்து, சோப்புக் கரைசலை இரண்டு சொட்டு விட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் சரி. திரிதிரியாகத் திரண்டால் சாஃப்ட்னர் வேலை செய்யவில்லை.

"புகை கறுப்பா வருது, பக்கத்து வீட்டுல சண்டை"

சண்டைக்கு வருவது நியாயம்தான். முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுவரில் கரி படிந்தால் தாத்தா காலத்துப் பளபளப்பு போய்விடும்.

கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது ஒரே தடவையில் விறகை அமுக்கிவிட்டார்கள். அரைக்கூடை வீதம் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போட வேண்டியதை, வேலை மிச்சம் என்று அரை மணிக்கு ஒருமுறை ஒன்றரைக் கூடை கொட்டுகிறார்கள். பற்றவைக்கும்போது ஐந்து பத்து நிமிஷம் கறுப்பு வருவது சகஜம், அதற்குமேல் வந்தால் ஆள் பழக்கத்தைத்தான் திருத்த வேண்டும். வெள்ளையாக, கனமாக, தரையோடு தவழ்ந்து வந்தால் ஈர விறகு. முந்திரி ஓடு மலிவு என்று கலந்தால் காரமான நெடியோடு பிசினாகப் படியும். அதற்கென்று கட்டாத பாய்லரில் அதைப் போடாதீர்கள்.

"கதவைத் திறந்தா மூஞ்சில அடிக்குது"

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி நெருப்புக் கதவின் விளிம்போரம் காட்டுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளினால் இழுப்பு இல்லை. புகைபோக்கியின் அடியில் சாம்பல் எடுக்கும் கதவு, புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் சைக்ளோனின் அடித் தொட்டி, குழாய்கள் என்று இந்த வரிசையில் பாருங்கள். மூன்றில் ஒன்று அடைத்திருக்கும்.

மூன்றும் சுத்தமாக இருந்தால், சமீபத்தில் யாராவது கரண்ட் வேலை செய்தார்களா என்று விசாரியுங்கள். மூன்று பேஸில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். வேடிக்கை என்னவென்றால், இந்த வகை ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் புகையைப் புகைபோக்கிப் பக்கம்தான் தள்ளும், ஆனால் பலமில்லாமல். அதனால் சத்தம் வரும், காற்றும் வரும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் பாய்லரைப் பிரித்துப் போட்டுவிட்டு, கடைசியில் ஃபேன் உறையில் வரைந்திருந்த அம்புக்குறியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். இப்போதெல்லாம் முதலில் அம்புக்குறியைத்தான் பார்க்கிறேன்.

"கரண்ட் போயிடுச்சு, இப்ப என்ன பண்ண?"

இதற்கு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். ஜெனரேட்டர் வாங்கும்போது கல்யாண ஹாலின் விளக்குக்கும் ஏசிக்கும் லைன் கொடுப்பார்கள், பாய்லர் அறையை மறந்துவிடுவார்கள். புகை இழுக்கும் ஃபேனும் தண்ணீர் பம்பும் கட்டாயம் ஜெனரேட்டர் லைனில் இருக்க வேண்டும். இந்த அளவு பாய்லருக்கு இரண்டும் சேர்ந்து பெரிய சுமை இல்லை.

ஜெனரேட்டர் இல்லாத இடத்தில்: மணல் போட வேண்டிவந்தால் தவிர நெருப்புக் கதவைத் திறக்காதீர்கள். ஃபேன் நின்றதும் உள்ளே எரியாத வாயு தேங்கும். திறந்தால் வெளிக்காற்று புகுந்து "பக்" என்று பற்றி வெளியே வரும். சாம்பல் குழிக் கதவைச் சாத்துங்கள், புகைபோக்கித் தட்டை முழுக்கத் திறங்கள். சமையற்கட்டுக்குப் போகும் நீராவியை மூடாதீர்கள், அடுப்பில் எதுவும் இல்லாவிட்டாலும் வெந்நீர்த் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். இறங்கிக்கொண்டே போய் அடிக்குறியை நெருங்கினால், மட்டம் மறையும் வரை காத்திராமல் மணலைப் போட்டு மூடிவிடுங்கள்.

கரண்ட் திரும்பியதும் முதலில் புகை இழுக்கும் ஃபேன் மட்டும். மூன்று நிமிஷம் ஓடட்டும். பிறகுதான் ஊதும் ஃபேன். அதற்கும் பிறகுதான் கதவு. நிறுத்தும்போது இதற்கு நேர் எதிர்: ஊதுவது முதலில் நிற்க வேண்டும், இழுப்பது கடைசியில். என் இடது புருவத்தில் பாதி முளைக்காமல் இருப்பதற்குக் காரணம், பழகிய புதிதில் நான் இந்த வரிசையை மாற்றிப் போட்டது. இப்போது போகிற இடத்தில் எல்லாம் ஸ்விட்சுகளின் மேல் பெயிண்டில் 1, 2 என்று எழுதிவிட்டு வருகிறேன்.

"சேஃப்டி வால்வு சும்மா சும்மா தூக்குது"

வால்வைக் குறை சொல்லாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது. சாம்பார் இறக்கியதும் நீராவியை மூடிவிட்டீர்கள், தணல் மட்டும் நிறையக் கிடக்கிறது. சமையல் முடிய அரை மணி இருக்கும்போதே கடைசிக் கூடையைப் போட்டு முடித்துவிட வேண்டும். மிச்சச் சூட்டைப் பாத்திரம் கழுவ வெந்நீராக எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் மாஸ்டரும் பாய்லர் ஆளும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டால் இந்தப் பிரச்சினையே வராது. பேச்சுவார்த்தை இல்லாத இடங்களும் உண்டு, அதைச் சரிசெய்ய என்னிடம் ஸ்பானர் இல்லை.

வால்வின் திருகை இறுக்குகிற வேலை மட்டும் ஆகாது. 25 லிட்டருக்கு மேல் கொள்ளளவும் ஒரு கிலோ பிரஷருக்கு மேல் அழுத்தமும் உள்ள நீராவிப் பாய்லர்கள் சட்டத்துக்குள் வருபவை. 1923ஆம் வருஷத்துச் சட்டம் போய் 2025இல் புதுச் சட்டம் வந்தபோதும் இந்த வரம்பு மாறவில்லை. பதிவு, இன்ஸ்பெக்டர் சான்றிதழ், தகுதிச் சான்று பெற்ற ஆள் எல்லாம் வேண்டும். தெரிந்த வெல்டர் என்று கூப்பிட்டு ஓட்டை அடைக்கவும் கூடாது.

"சாம்பல் கல்லு கல்லா கட்டுது"

கடலைத்தோலோடு வயல் மண்ணும் சேர்ந்து வருகிறது. அதிகச் சூட்டில் அந்த மணலும் சாம்பலும் உருகி ஒட்டி, தட்டின் ஓட்டைகளை அடைத்துவிடுகிறது. ஒரு கைப்பிடி எரிபொருளை வாளித் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், அடியில் எவ்வளவு மணல் தங்குகிறது என்று தெரியும். தணலை ஓயாமல் கிளறாதீர்கள். கிளறக் கிளறச் சாம்பல் சூடான இடத்துக்குப் போய் உருகும். விறகுக் கட்டையைப் பாதிக்குப் பாதி கலந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். புதுவயல் அரிசி ஆலைப் பக்கமிருந்து உமி மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். ஆலைப் பாய்லர்கள் அதற்கென்றே கட்டியவை, உங்களுடையது அப்படியில்லை.

எடுத்த சாம்பலில் மறுநாள்வரை தணல் இருக்கும். மூடியுள்ள இரும்பு டிரம்மில் போட்டு, விறகுக் கொட்டகையிலிருந்து தள்ளி வையுங்கள்.

"பைப்புக்குள்ள சுத்தியல் அடிக்கிற மாதிரி சத்தம்"

ஆறிய குழாயில் தேங்கிய தண்ணீரை நீராவி தள்ளிக்கொண்டு போய் வளைவில் மோதுகிறது. காலையில் மெயின் வால்வை ஒரே திருப்பில் திறக்காதீர்கள். கால் சுற்று திறந்து, வடிகுழாயில் தண்ணீர் போய் நீராவி வரும்வரை பொறுத்திருந்து, பிறகு முழுக்கத் திறங்கள். தினமும் சத்தம் வந்தால் குழாய் எங்கோ தொங்கியிருக்கிறது, அல்லது நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் ஸ்டீம் ட்ராப் செத்துவிட்டது.

"இட்லி சொதசொதனு வருது"

நீராவியோடு தண்ணீரும் வருகிறது. கண்ணாடியில் மட்டம் முக்காலுக்கு மேல் இருந்தால் குறையுங்கள். மட்டம் சரி என்றால் பாய்லர் தண்ணீர் உப்பேறி நுரைக்கிறது. சாஃப்ட்னர் சுண்ணாம்பை மாற்றுமே தவிர உப்பைக் குறைக்காது. ஊட்டும் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 500 என்றால், ஏழு மடங்கு சுண்டியதும் 3,500 ஆகிவிடும். இந்த மாதிரி பாய்லருக்கு அதுதான் எல்லை. தினமும் அடிவால்வைத் திறந்து கொஞ்சம் வெளியேற்றுங்கள். இட்லிக் கொப்பரைக்கு நீராவி நேராகப் போகிறது என்றால், பாய்லருக்குள் போடும் மருந்து சாப்பாட்டுக்கு ஏற்றதுதானா என்று கொடுப்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"லீவு முடிஞ்சு பத்தவச்சா ஒழுகுது"

மே மாதம் விடுதி மூடும்போது பாய்லரை அப்படியே விட்டுவிட்டுப் போனால், குழாயில் படிந்த கரி காற்றின் ஈரத்தைக் குடித்து இரும்பை அரிக்கும். ஓடித் தேய்வதைவிடச் சும்மா கிடந்து துருப்பிடித்த பாய்லர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கடைசி நாள் குழாய்களைத் தேய்த்துக் கரியை எடுங்கள். பாய்லர் ஆறியபின் தண்ணீரை முழுக்க வடித்துக் காய வையுங்கள். பிறகு கையை உள்ளே விடும் ஓட்டை வழியாக ஒரு தகரத் தட்டில் சுட்ட சுண்ணாம்புக் கல்லை உள்ளே வைத்து மூடிவிடுங்கள், ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். சுண்ணாம்பு நம் பக்கத்தில் கொத்தனார் யாரைக் கேட்டாலும் கிடைக்கும். தண்ணீர் விட்டுத் தாளிக்காத, கல்லாக இருப்பதுதான் வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், பொடியாக உதிர்ந்திருந்தால் மாற்றுங்கள். தட்டில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஈரம் குடித்ததும் அது ஊதும்.

வைத்தவர்தான் லீவு முடிந்து வந்து எடுப்பார் என்று நிச்சயமில்லை. நெருப்புக் கதவில் சாக்பீஸால் பெரிதாக எழுதிவிட்டுப் போங்கள்: "உள்ளே தட்டு இருக்கு."